பழுது எங்கே?

என் மேசையின் மீது ஒரு சிறிய உலோக உருளை இருக்கிறது. சுண்டுவிரலின் பாதி நீளம். ஒரு முனையில் கறுத்துப்போன கம்பித் துண்டு ஒன்று தொங்குகிறது. என்னைப் பார்க்க வரும் மாணவர்கள் சிலர் அதைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். "இது என்ன சார்?" என்று கேட்பார்கள். "கண்டன்சர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவது என் வழக்கம். அந்தக் கேள்விக்கு முழுமையான விடையை நான் இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. கல்லூரி மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அந்த விடையையே எழுதித் தந்துவிடலாம் என்று தோன்றியது.

1986ஆம் ஆண்டு. நான் நாகர்கோவிலில் இயற்பியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். என் தந்தையார் வாழைக்குலை வியாபாரம் செய்துவந்தார். திருவட்டாறு, குலசேகரம் பக்கத்துத் தோட்டங்களில் ஏத்தன், செந்துளுவன், மட்டி, பாளையங்கோட்டன் என்று குலைகளை மொத்தமாக விலைபேசி வாங்கி, வடசேரி கனகமூலம் சந்தைக்குக் கொண்டுவருவார். (இவற்றுள் கன்னியாகுமரி மட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதை இங்கே மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.) முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான வழி. தக்கலை வந்து, அந்நாளில் 47 என்று எண்ணிடப்பட்டிருந்த தேசிய நெடுஞ்சாலையில் ஏறி, வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம் தாண்டி வடசேரி வந்து சேர வேண்டும். நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதிச் சாலைகளை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே சமதளம் என்பது அபூர்வம். ஏறினால் இறக்கம், இறங்கினால் ஏற்றம்.

இந்த வழியில் நாள்தோறும் ஓடியது எங்கள் பழைய பிக்கப் வண்டி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். என்னைவிட ஓரிரண்டு ஆண்டு மூத்தது. எந்தக் கம்பெனியின் வண்டி என்பது இங்கே வேண்டாம். ஏனெனில் நான் சொல்லப்போகும் குற்றம் கம்பெனியினுடையது அன்று, வயதினுடையது. அத்தகைய வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் பொருத்துவது அப்போது பரவலாக நடந்துவந்தது. அப்பாவுக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கையில் பணம் இல்லை. அந்த வண்டிதான் எங்கள் வீட்டு அடுப்பை எரித்தது. என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது.

வண்டியை ஓட்டியவர் எங்களிடம் ஆறு ஆண்டுகளாக வேலை பார்த்த டிரைவர் அண்ணன். ஒல்லியான உடம்பு, அதிகம் பேசமாட்டார். காலையில் வண்டியை எடுக்கும் முன்பு பானட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். எனக்கு கியர் மாற்றவும், கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றவும் கற்றுத் தந்தவர் அவர்தாம். சுற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும், எஞ்சின் பின்னுக்கு உதைத்தால் கட்டைவிரல் போய்விடும் என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஆண்டு பங்குனி மாத வெயிலில் வண்டிக்கு நோய் கண்டது. காலையில் கிளம்பும்போது ஒரு குறையும் இராது. குலையேற்றித் திரும்பும்போது, ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, ஏற்றத்தில் எஞ்சின் விக்கத் தொடங்கும். மெக்கானிக்குகள் இதை "மிஸ்ஸிங்" என்பார்கள். நான்கு தடவை வெடிக்க வேண்டிய இடத்தில் மூன்று, பிறகு இரண்டு. சைலன்சரில் பட், பட் என்று வேட்டுச் சத்தம். பிறகு ஒரு குலுங்கல், வண்டி நின்றுவிடும். எத்தனை தடவை செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. ஆனால் பானட்டைத் திறந்துவைத்து, ஒரு சாயா குடித்துவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும்.

"வண்டி சூடானாத்தான் இந்தச் சீக்கு காட்டுது, முதலாளி. காலத்த ஒரு குறையும் இல்ல," என்று டிரைவர் அண்ணன் அப்பாவிடம் சொன்னார். நானும் அருகில் இருந்தேன். இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. ஒன்று அல்ல, மூன்று ஒர்க்‌ஷாப்புகள். முதலாமவர் பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் அடுப்புக்கரி போலக் கறுத்திருந்தன. மாற்றினார். இரண்டாமவர் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார், ஏ.சி. பம்பின் டயபிரத்தை மாற்றினார். மூன்றாமவர் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, பிளாட்டினம் பாயிண்ட் கருகியிருப்பதைக் கண்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இடைவெளி வைத்தார். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லையோ, அதன் வயரைக் கழற்றினால் எஞ்சினின் ஓசை மாறாது. இங்கோ ஒவ்வொரு வயரைக் கழற்றும்போதும் ஓசை தளர்ந்தது. நான்கும் நன்றாக வேலை செய்கின்றன என்று தீர்ப்புச் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான். ஏனெனில் அப்போது வண்டி குளிர்ந்திருந்தது.

ஒவ்வொரு வைத்தியத்துக்குப் பிறகும் இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடும். பிறகு பழைய கதை. புதுப் பிளக்குகளும் மீண்டும் கறுத்தன. புகைக்குழாயில் ஒரு நாற்றம் வரத் தொடங்கியது. முகர்ந்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "மண்ணெண்ணெய்!"

இந்த இடத்தில்தான் நான் கதைக்குள் வருகிறேன்.

மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இருந்த காலம் அது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பது நாடெங்கும் நடந்த திருட்டு. டிரைவர் டேங்கிலிருந்து பெட்ரோலை ரப்பர்க் குழாய் போட்டு உறிஞ்சி விற்றுவிட்டு, மண்ணெண்ணெயை ஊற்றி அளவைச் சரிக்கட்டுவதும் கேள்விப்படாத ஒன்றல்ல. வியாபாரத்தின் வரவு செலவுக் கணக்கை எழுதும் வேலை என்னுடையது. அப்பா கேட்டார்: "லேய் மக்கா, வண்டி எத்தன கிலோமீட்டர் குடுக்கு, கணக்குப் பாரு."

பார்த்தேன். மாசி மாதத்தில் லிட்டருக்கு எட்டுக் கிலோமீட்டர். சித்திரைத் தொடக்கத்தில் ஆறுக்கும் குறைவு. அதே வழி, அதே பாரம், அதே டிரைவர். நான் அதோடு நிற்கவில்லை. அறிவியல் மாணவன் அல்லவா! வரைபடத்தாள் ஒன்றில் புள்ளி வைத்து, கோடு போட்டு, கோடு எப்படிக் கீழே சரிகிறது என்று அப்பாவுக்குக் காட்டினேன். "நாலுல ஒரு பங்கு பெட்ரோல் எங்கயோ போவுது" என்று நானே சொன்னேன்.

மறுநாள் காலையில், வண்டிகள் நிற்கும் இடத்தில், சாயாக் கடையின் முன்பு, பத்துப் பேர் பார்த்திருக்க, அப்பா டிரைவர் அண்ணனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். "ஆறு வருசம் சோறு போட்ட வண்டியிலயா கைய வைக்கிய?" என்று கேட்டார். அவர் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. "நான் எடுக்கல முதலாளி" என்று ஒரு தடவை சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையில் அந்த வரைபடத்தாள் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் குற்றவாளி என்று நம்பியதால் குனியவில்லை. ஆறு ஆண்டு பழகிய மனிதரின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் துணிவு அந்தத் தாளுக்கு இல்லை.

அன்றிலிருந்து அப்பாவே வண்டியை ஓட்டினார். நோய் நிற்கவில்லை.

டேங்கில் பழைய மண்ணெண்ணெய் மிச்சம் இருக்கும் என்றார்கள். டேங்கைக் கழற்றி, சுத்தமாகக் கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றினோம். அப்போதும் நிற்கவில்லை. வைகாசியில் ஒரு நாள் பின்மாலை, தோட்டத்திலிருந்து குலைகளோடு திரும்பும் வழியில் வண்டி நான்கு தடவை நின்றது. இரவு ஒன்பது மணிக்கு அப்பாவும் நானும் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தோம். விடிந்தால் சந்தை. பின்னால் பாரமாகப் பழுக்கும் பருவத்துக் குலைகள். அப்பா பீடியைப் பற்ற வைக்காமலே விரலிடையில் உருட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, "இப்பவும் அவனா எடுக்கான்?" என்று கேட்டார். கேள்வி என்னிடமா, தம்மிடமா என்று தெரியவில்லை.

அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. திருடன் போன பிறகும் திருட்டு நடக்கிறது என்றால், போனவன் திருடனல்லன்.

மறுநாள் டேங்கிலிருந்து ஒரு சீசாவில் பெட்ரோல் எடுத்துக்கொண்டு கல்லூரி ஆய்வகத்துக்குப் போனேன். வடிதாளில் ஒரு சொட்டு விட்டேன். தூய பெட்ரோல் இரண்டொரு நிமிடத்தில் ஆவியாகிவிடும். தாளில் கறை இராது. மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். பெட்ரோல் பங்குகளில் வாடிக்கையாளர் இன்றும் கேட்டுப் பெறக்கூடிய எளிய சோதனை இது. எங்கள் தாளில் கறை இல்லை. அடர்த்திப் புட்டியில் நிறுத்தும் பார்த்தேன். மண்ணெண்ணெயின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.8, பெட்ரோல் அதைவிட இலேசானது. எங்கள் பெட்ரோல் பெட்ரோலாகவே இருந்தது.

அப்படியானால் பழுது எங்கே? நான் முதல் முறையாக அதை ஒரு கேள்வியாகக் கேட்டேன். அதுவரை எங்களிடம் இருந்தது விடை, கேள்வி அன்று.

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை மூன்று: சரியான அளவில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, அதை அழுத்தும் அழுத்தம், அழுந்திய கலவையைச் சரியான நொடியில் பற்றவைக்கும் பொறி. காலையில் நன்றாக இழுக்கும் எஞ்சினில் அழுத்தத்துக்குக் குறைவில்லை. எஞ்சியவை இரண்டு: பெட்ரோல் அல்லது பொறி. இனி, ஒரு சிலிண்டர் மட்டும் தவறினால் அதன் பிளக்கையோ வால்வையோ ஐயுறலாம். எங்கள் வண்டியில் நான்கும் மாறி மாறித் தவறின. ஒரு வீட்டில் விளக்கு அணைந்தால் பல்பைப் பார்க்கலாம். தெரு முழுவதும் அணைந்தால் டிரான்ஸ்பார்மரைத்தானே பார்க்க வேண்டும்? நான்குக்கும் பொதுவாக இருக்கும் ஏதோ ஒன்றில்தான் பழுது.

பெட்ரோல் பக்கத்தில் பொதுவானவை டேங்க், குழாய், பம்பு, கார்புரேட்டர். வெயிலில் குழாயிலேயே பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பம்பு இழுக்க முடியாமல் போவதுண்டு. ஈரத்துணியைப் பம்பின் மீது போட்டால் அது சரியாகும். டேங்க் மூடியில் காற்றுப் போகும் சிறு துளை அடைபட்டாலும், உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராமல் நிற்கும்; மூடியைத் திறந்தால் உஸ் என்ற ஓசையோடு சரியாகிவிடும். பொறியின் பக்கத்தில் பொதுவானவை காயில், பாயிண்ட், கண்டன்சர், ரோட்டார். இவற்றில் எது? சூடாகி நின்றுபோன அந்த நேரத்திலேயே சோதித்தால்தான் தெரியும். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது நோயாளி குணமாகிவிடுகிறான். மூன்று மெக்கானிக்குகளும் திறமைசாலிகள். அவர்கள் மீது குறையில்லை. நோய் இல்லாத நேரத்தில் நோயைத் தேடினார்கள், அவ்வளவே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு திருப்புளியையும் குறட்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவோடு போனேன். தக்கலைக்கு இப்பால் ஓர் ஏற்றத்தில் எதிர்பார்த்தபடியே வண்டி விக்கி நின்றது. அப்பா வழக்கம் போலச் சாயாக் கடையைத் தேடினார். "அப்பா, ஆறவிடாண்டாம், இப்பவே பாப்போம்" என்று பானட்டைத் திறந்தேன்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்தேன். ஓசை ஏதும் இல்லை. கார்புரேட்டரின் வாயைத் திறந்து ஆக்சிலேட்டர்க் கம்பியை அசைத்தேன். உள்ளே பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீச்சியது. ஆக, பெட்ரோல் வந்து சேர்கிறது. கார்புரேட்டரை மூடி, பெட்ரோல் ஈரம் காய்ந்த பிறகு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் நடு வயரைக் கழற்றி, அதன் முனையை எஞ்சின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, அப்பாவைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நல்ல பொறி என்றால் நீலமாக, தடிப்பாக, சடக் என்ற ஓசையோடு பாய வேண்டும். வந்ததோ மஞ்சளாக, நூல் போல, ஓசையற்ற ஒரு பொறி. அதுவும் விட்டுவிட்டு.

பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினேன். சாவியைப் போட்டுவிட்டு, மூடியிருந்த பாயிண்டைத் திருப்புளியால் மெல்ல நெம்பித் திறந்தேன். இரண்டு முனைகளுக்கும் இடையே வெல்டிங் போல ஒரு வெளிச்சம் பளிச்சிட்டது. பொறி பாய வேண்டிய இடம் பிளக். இங்கே அது பாயிண்டிலேயே எரிந்து போயிற்று.

அந்த ஒளியைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஆய்வகத்தில் இருந்த ரம்கார்ஃப் சுருள் நினைவுக்கு வந்தது. மாணவ நண்பர்கள் அறிந்ததுதான். 1831இல் மைக்கேல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். ஒரு சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று வெட்டினால், அதன் காந்தப்புலம் சரிந்து, அருகிலுள்ள சுருளில் மின்னழுத்தம் தோன்றும். எவ்வளவு வேகமாக வெட்டுகிறோமோ அவ்வளவு உயர்ந்த அழுத்தம். ஆனால் ஓடும் மின்னோட்டம் எளிதில் நிற்காது. விலகும் முனைகளுக்கு இடையே பொறியாகத் தாவி ஓடப் பார்க்கும். வெட்டு மந்தமாகிவிடும். 1853இல் ஃபிஸோ என்ற பிரெஞ்சு அறிஞர் இதற்கு வழி சொன்னார். வெட்டும் முனைகளின் குறுக்கே ஒரு கண்டன்சரை வைத்தால், தாவ முயலும் மின்னோட்டத்தை அது தனக்குள் வாங்கிக்கொள்ளும்; வெட்டு கூர்மையாகும். ஒளியின் வேகத்தைப் பூமியிலேயே அளந்து காட்டிய அதே ஃபிஸோதான்.

மோட்டார் வண்டியின் காயில், ஆய்வகத்துச் சுருளின் தம்பி. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலிருந்து பல்லாயிரம் வோல்ட் உண்டாவது இந்த வெட்டினால்தான். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பொறி வேண்டும். நிமிடத்துக்கு 2000 சுற்று என்றால் 4000 பொறி. அதாவது 4000 வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அந்தச் சுண்டுவிரல் உருளை தன் கடமையைச் செய்ய வேண்டும். அது செய்யாவிட்டால் பாயிண்ட் கருகும், பொறி மெலியும். சமதளத்தில் மெலிந்த பொறியும் ஒருவாறு பாய்ந்துவிடும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் கலவை நெருக்கமாக அழுந்துகிறது. நெருங்கிய கலவையைத் துளைக்க உயர்ந்த அழுத்தம் வேண்டும். மெலிந்த பொறி அங்கே தோற்றுவிடுகிறது.

அன்று மாலையே நாகர்கோவிலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஒன்றில் புதுக் கண்டன்சர் வாங்கினேன். அதன் விலை, நாங்கள் அதுவரை செலவழித்ததில் நூறில் ஒரு பங்குகூட இராது. கருகிய பாயிண்டையும் மாற்றினோம். மறுநாள் முழுப் பாரத்தோடு வண்டி ஒரு விக்கலும் இல்லாமல் வடசேரி வந்து சேர்ந்தது. அடுத்த நாளும், அடுத்த வாரமும்.

பழைய கண்டன்சரைப் பேராசிரியரிடம் கொண்டுபோய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "மாற்றியதும் சரியாயிற்று என்பது பாதி நிரூபணம்தான். அது ஏன் சூட்டில் மட்டும் கெட்டது? அதையும் பார்த்துவிடு" என்றார். கண்டன்சரை மின்னேற்றி, பாலிஸ்டிக் கால்வனோமீட்டர் வழியே மின்னிறக்கினோம். குளிர்ந்த நிலையில் ஒளிப்புள்ளி அளவுகோலில் நன்றாக விலகியது. பிறகு அதைச் சோதனைக் குழாயில் இட்டு, வெந்நீரில் வைத்துச் சூடாக்கி மீண்டும் பார்த்தோம். புள்ளி அசையவே இல்லை. ஆறவிட்டோம், மறுபடியும் விலகியது. உள்ளே கம்பியின் இணைப்பு தளர்ந்திருக்கிறது, சூட்டில் உலோகம் விரியும்போது தொடர்பு விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. "வண்டி சூடானாத்தான் இந்தச் சீக்கு காட்டுது முதலாளி." பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒருவர் முதல் நாளே சொன்னதை, நாங்கள் மூன்று மாதம் கழித்துக் கால்வனோமீட்டர் வைத்துக் கண்டுபிடித்தோம்.

இனி சாட்சியங்களைப் பாருங்கள். பிளக் கறுத்தது ஏன்? மெலிந்த பொறியில் பெட்ரோல் முழுதாக எரியவில்லை, கரி படிந்தது. புகைக்குழாயில் நாற்றம் ஏன்? எரியாத பெட்ரோல் வெளியே போயிற்று. சைலன்சரில் வேட்டு ஏன்? அந்தப் பெட்ரோல் அங்கே போய்ப் பற்றிக்கொண்டது. லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் குறைந்தது ஏன்? குடித்த பெட்ரோலில் ஒரு பங்கு வேலை செய்யாமலே போயிற்று. நான் கோடு போட்டுக் காட்டிய கணக்கில் ஓர் எண்கூடப் பிழையில்லை. பெட்ரோல் "எங்கேயோ" போனது உண்மை. அது புகைக்குழாய் வழியே போயிற்று. கணக்குப் பொய் சொல்லவில்லை. கணக்கைப் படித்தவன் பொய் சொன்னான்.

இதை அப்பாவிடம் ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை. முடித்ததும், "அந்தச் சாமானத்த இங்க தா" என்று கை நீட்டினார்.

டிரைவர் அண்ணனின் வீடு திருவட்டாற்றுக்கு அருகில். அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். அந்த மூன்று மாதத்தில் அவருக்கு யாரும் வண்டி கொடுக்கவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. "பெட்ரோல் களவாணி" என்ற பெயர் அவருக்கு முன்பாகவே ஒவ்வொரு முதலாளியின் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். ஆறு ஆண்டு ஸ்டியரிங் பிடித்த கையில் பால்கறை.

அப்பா திண்ணையில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர் அவர். மடியிலிருந்து கண்டன்சரை எடுத்துத் திண்ணையில் வைத்தார். "இதாக்கும் களவாணி" என்றார். அதற்கு மேல் குரல் எழவில்லை.

டிரைவர் அண்ணன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேனே முதலாளி, சூடானாத்தான்னு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை.

"நாளைக்கு வந்து வண்டிய எடு."

"வேண்டாம் முதலாளி. இங்க சோலி இருக்கு." சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆனா அந்தச் சாயாக் கடை முன்னால சொன்னத, அங்க வச்சே இல்லன்னு சொல்லணும்" என்றார்.

அடுத்த நாள் காலை அப்பா அதைச் செய்தார். அதே இடத்தில், அதே ஆட்கள் இருக்கும் நேரம் பார்த்து, "அவன் மேல பிழை இல்ல, பிழை எங்கண்ணுல" என்று சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் சாயாவிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. மூன்று மாதத்தில் ஊர் முழுவதும் பரவிய சொல்லை ஒரு காலைப்பொழுதில் திரும்ப அழைத்துவிட முடியுமா? ஆனாலும் ஓராண்டுக்குள் அவருக்கு வேறோர் இடத்தில் லாரி கிடைத்தது. எங்களிடம் அவர் மறுபடி வரவில்லை. வழியில் கண்டால் வண்டியை நிறுத்தி, "தம்பி, படிப்பு எப்படிப் போவுது?" என்று கேட்பார். அவர் முன்னால் நான் நேராக நின்று பேசியதாக நினைவில்லை. அந்த வரைபடத்தாளைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் பேசியதில்லை.

இன்றைய வண்டிகளில் பிளாட்டினம் பாயிண்டும் இல்லை, அந்தக் கண்டன்சரும் இல்லை. கணிப்பொறியே பொறியை ஆள்கிறது. எஞ்சின் தவறினால், கருவியை மாட்டியதும் திரையில் ஒரு குறியெண் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டர் தவறுகிறது. பி0300 என்றால் பல சிலிண்டர்கள் மாறி மாறித் தவறுகின்றன. எங்கள் பழைய வண்டிக்கு அப்படி ஒரு திரை இருந்திருந்தால் பி0300 என்றுதான் காட்டியிருக்கும். ஆனால் அது ஏன் தவறுகிறது என்பதை அந்த எண் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க இன்றும் ஒரு மனிதன், பழுது நிகழும் நேரத்தில், பானட்டைத் திறந்து நிற்க வேண்டியிருக்கிறது.

குற்றம் சாட்டும் அவசரமும் மாறவில்லை. 2025இல் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலில் எரியாற்றல் பெட்ரோலைவிடக் குறைவு. பழைய வண்டிகளின் ரப்பர்ப் பாகங்கள் சிலவற்றுக்கு அது ஒத்துவராமலும் போகலாம். அதனால் இப்போது பழைய வண்டி எது விக்கினாலும், பானட்டைத் திறக்கும் முன்பே "பெட்ரோல் சரியில்லை" என்கிறோம். சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். சோதித்துப் பார்க்காதவரை அது ஓர் ஐயம் மட்டுமே, தீர்ப்பு அன்று.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே மருந்து என்று, 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறையை நான் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அதைக் கற்றுக்கொண்டது 1986இல், ஒரு சாலையோர ஏற்றத்தில்.

செய்முறை வகுப்பில் மாணவர் ஒருவர் அளவீடுகளை எழுதிக்கொண்டு வந்து, கோடு போட்டு, "முடிவு இதுதான் சார்" என்று சொல்லும்போது, "இந்த அளவுகளுக்கு வேறு காரணம் ஏதாவது இருக்க முடியுமா, யோசித்தாயா?" என்று நான் கேட்பது வழக்கம். சிலருக்கு அது தொல்லையாக இருக்கிறது என்று அறிவேன். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் என் கண் அந்த மாணவரின் கையிலுள்ள வரைபடத்தாளின் மீதுதான் இருக்கும். காரணம் இப்போது உங்களுக்குத் தெரியும்.